கிரேன்காரருக்கு ஒரு தட்டு சாப்பாடு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு அன்று மதியம் ரத்தப் பரிசோதனை. கம்பெனி டாக்டர் கண்டிப்பானவர். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சர்க்கரை நூற்று எண்பதைத் தாண்டினால், ஆறு மாதம் கிரேன் பக்கமே போகக்கூடாது. கிடங்கில் உட்கார்ந்து சீட்டு கிழிக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாக ஆகாயத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்த மனுஷனுக்கு அது ஜெயில் மாதிரி.

மனைவியோடு மகள் வீட்டிலிருந்து திரும்புகிற வழியில், விமானம் மாறுகிற இடத்தில் கொஞ்ச நேரம் கிடைத்தது. வழிக்கென்று அவித்து வைத்த பயறு மகளின் ஃப்ரிட்ஜிலேயே தங்கிவிட்டது. அதற்கு யார் காரணம் என்ற வழக்கு முதல் விமானம் முழுக்க நடந்து, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

"நீங்க இங்கயே இருங்க. கூட வந்தீங்கன்னா கேக்கோட பேச ஆரம்பிச்சிடுவீங்க," என்று மாடியில் கைப்பிடிக் கம்பி ஓரமாக அவரைப் பைகளோடு உட்கார வைத்துவிட்டு, மனைவி கீழே கடை வரிசைக்குப் போனாள்.

அவளுக்கும் அதே துறைமுகத்தில்தான் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சொல்கிறவள். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவருக்குக் கல்யாண ஆசையே வந்தது. வீட்டிலும் பாதிப் பேச்சு கையால்தான். சண்டை போட்டால்கூட அக்கம்பக்கத்துக்குக் கேட்காது.

முதல் கடையில் சீனி தூவிய ரொட்டி. மாடியைப் பார்த்து, வேண்டாம் என்று கையால் காற்றை வெட்டினாள். அடுத்ததில் கோழி, எண்ணெயிலேயே குளித்து எழுந்த மாதிரி. ஒரு வெட்டு. மூன்றாவதில் 'ஆரோக்கியம்' என்று பச்சையில் பெரிதாக எழுதியிருந்தது. டப்பாவைத் திருப்பிப் படித்தாள்: பழக்கூழ், தேன், அதற்கும் மேலே சர்க்கரைப்பாகு.

"இதுக்கு அந்த கேக்கே யோக்கியம்," என்று முணுமுணுத்து, இரண்டு கையாலும் வெட்டினாள்.

மேலே அவர் வயிற்றைத் தடவிக் காட்டினார். காலையில் போட்ட சர்க்கரை மாத்திரை வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது; வியர்த்த நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். அது அவள் கண்ணுக்குத் தப்புமா? இனி ஆளைக் கூடவே வைத்துக்கொண்டு தேடுவோம் என்று, கையைக் கீழே நீட்டி, சுட்டுவிரலால் தரையைக் காட்டிச் சுற்றினாள். இறங்கு.

இறங்கியது அவர் இல்லை. கூடத்தின் நடுவே, ஏறி இறங்குகிற மேடை வண்டியில் உயர நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன், ஏன் எதற்கு என்று கேட்காமல் மேடையோடு தரைக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா, ஒயர்ல புகையுதா?"

"ஐயோ, உங்களை இல்லைங்க! அதோ, மேல இருக்காரே என் வீட்டுக்காரர், அவரைக் கூப்பிட்டேன்."

"புருஷனை இப்படியா கூப்பிடுவீங்க? இந்தக் கையைப் பார்த்தா எங்களுக்கு உசிரே போயிடும்க்கா."

அதற்குள் கிரேன்காரரும் பைகளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்ட எலக்ட்ரீஷியன் சிரித்தார். "இந்த வரிசையில நாங்க யாருமே சாப்பிட மாட்டோம்ணே. பதினோராம் வாசல் தாண்டி ஒரு சாம்பல் கதவு இருக்கு, அதுதான் எங்க கேன்டீன். பயணிகளும் போகலாம். போர்டு இல்லாததால யாரும் எட்டிப் பார்க்கறதில்ல."

உள்ளே பெருக்குகிறவர்களும் பெட்டி ஏற்றுகிறவர்களும் வரிசையில் நின்றார்கள். அவித்த முட்டை, பயறு, கீரை, வெள்ளரித் துண்டு. கரண்டி பிடித்த அம்மா சோற்றை மலையாகக் குவிக்கப் போக, மனைவி தடுத்தாள்.

"யாருக்கு சர்க்கரை?"

"எனக்குத்தாம்மா."

"அப்ப கீரை இன்னும் ரெண்டு கரண்டி."

அவர் தட்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். "அந்தக் கிண்ணத்துல என்ன?"

"அது உங்களுக்கு இல்ல," என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே குரலில்.

நாற்பது நிமிஷம் பறந்து, இறங்கியதும் நேராக டாக்டரிடம் போனார்கள்; சாப்பிட்டுச் சரியாக இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூற்று அறுபத்தொன்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"போன தடவை விமானத்துல வந்தப்போ இருநூத்தி முப்பது. இன்னைக்கு எங்க சாப்பிட்டீங்க?"

மனைவி விவரம் சொன்னாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். கிரேன்காரர் தாளை வாங்கிப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். இருவரும் எழுந்து கதவு வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்கம்மா." டாக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டு, பேனாவோடு காத்திருந்தார். "பதினோராம் வாசல் தாண்டி இடதா, வலதா? மாசம் ரெண்டு தடவை நான் அந்த வழியாத்தான் போறேன். பன்னு தின்னு தின்னே எனக்கு இருநூறைத் தாண்டிடுச்சு."