ரெண்டு அங்குல வயர்

ஜார்ஜ்டவுன் பாலத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் பத்து காவான் என்ற ஊரில் விடிகிற நேரத்துக் கொசு, ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடிக்கிற ரகம். அதற்கு நடுவேதான் கார்த்திகேசு புல்டோசரை முடுக்குவார். பழைய எஸ்டேட் நிலம். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் தூர் வேரோடு பெயர்ந்து வரும்போது ஈரமண் வாடையும் டீசல் புகையும் தொண்டையில் பசையாய் ஒட்டும். போன மாதம் ஒரு தூர் பிடித்த பிடியில் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனில் இரண்டு கடைகளுக்குக் கதவு சாத்த முடியாமல் போயிற்று என்பார். யாரும் மறுத்ததில்லை.

மூன்று நாளாக அவர் கதை சொல்லவில்லை.

புல்டோசர் பின்னால் வரும்போது 'பீப் பீப்' என்று கத்த வேண்டும். காலைத் தூக்கம் கெடுகிறதென்று பக்கத்துக் கொண்டோ அடுக்குமாடிக்காரர்கள் புகார் செய்தார்கள். "எனக்குச் சத்தம் வரக்கூடாது," என்றார் வேலையைக் குத்தகைக்கு எடுத்த தியாகராஜன். அன்றே கார்த்திகேசு அந்தச் சத்தத்துக்குப் போகிற வயரில் ரெண்டு அங்குலம் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கும் அந்தச் சத்தம் தலைவலிதான். எட்டு மாதம் சுகமாக இருந்தது.

மூன்று நாளைக்கு முன், லொம்போக் தீவிலிருந்து மரம் அறுக்க வந்த இர்வான் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரம்பத்தின் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஐந்து இயந்திரம் உறுமுகிற இடத்தில், எது தன்னை நோக்கி வருகிறதென்று முதுகுக்கு எப்படித் தெரியும்? பீப் இல்லாமல் பின்னால் வந்த கார்த்திகேசுவின் புல்டோசரில் அவன் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

அன்றிலிருந்து அந்த வயர் கனத்தது. கார்த்திகேசுவை லாரி எடைமேடையில் நிறுத்தியிருந்தால் முள் ஒடிந்திருக்கும்.

பத்து மணிக்குத் தியாகராஜன் ஒரு தாளோடு வந்தார்.

"இர்வான் மெஷின் பின்னால படுத்துத் தூங்கிட்டான். எழுதியாச்சு. சைன் மட்டும் போடு, கார்த்தி."

"தூங்கல பாஸ்."

"நீ பாத்தியா? பாத்திருந்தா ஏத்தியிருப்பியா?"

"சத்தம் வரல பாஸ். நீங்கதானே வரக்கூடாதுன்னு..."

"சத்தம் வரக்கூடாதுன்னேன். வயர வெட்டச் சொன்னேனா? வெட்டினது நீன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும்லா. தூங்கினவனுக்கு நஷ்டஈடு கிடையாது. டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடலாம். நாளைக் காலைல வாங்கிக்கிறேன்."

தேநீர்க் கூடாரத்தில் கார்த்திகேசு வயரை மேசைமேல் வைத்தார்.

"அவன் கால எடுத்தது மெஷின் இல்ல. நான்தான்."

எக்ஸ்கவேட்டர் ஓட்டும் ஹைதர் எழுந்துபோய், இன்னொரு வயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

"என்னுது வெட்டி ஒரு வருஷம் ஆச்சு, அண்ணே."

"நான் வெட்டல," என்றாள் லாரி ஓட்டும் ஜெயலெட்சுமி. எல்லாரும் நிமிர்ந்தார்கள். "துணி அடைச்சு வச்சிருக்கேன்."

சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

"வெட்டினது நான்னு எழுதிக் குடுக்கப் போறேன்," என்றார் கார்த்திகேசு.

"நான்னு எதுக்கு? நாங்கன்னு எழுதுங்க அண்ணே. யார் சொல்லி வெட்டினோம்னும் சேத்து," என்றான் ஹைதர்.

மறுநாள் விடியலில், வயர்களை ஒட்டி, துணியை உருவியபின், ஐந்து இயந்திரங்களும் வரிசையாக நின்று 'பீப் பீப்' என்று ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. கொண்டோவின் இருபத்திரண்டாம் மாடியில் முதல் விளக்கு எரிந்தது; பிறகு மாடி மாடியாக இறங்கியது. அந்தச் சத்தம் டோல் கட்டாமலே பாலத்தைத் தாண்டியதாம்.

தியாகராஜனின் கார் வந்தபோது வாசலில் குறுக்கே வந்து நின்றது ஜெயலெட்சுமியின் லாரி.

"நிறுத்துங்கலா! எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிருவேன்!"

"ஆயிரத்துச் சொச்சம் தூர் பாக்கி இருக்கு பாஸ்," என்றாள் அவள். "மொதல்ல அதத் தூக்குங்க."

கார்த்திகேசு, ஐந்து பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். தியாகராஜன் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டபடி காரில் ஏறினார். அது வக்கீலோ, வேறு ஆள் பிடிப்பவரோ, தெரியவில்லை.

ஹைதர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கார்த்திகேசுவிடம் கொடுத்தான். அவர் அதை இன்னும் கத்திக்கொண்டிருந்த மெஷின்களின் பக்கம் நீட்டிப் பிடித்துவிட்டுக் காதில் வைத்தார்.

"கேக்குதா தம்பி?"

இந்த நிலத்தில் பழகிய அரைத் தமிழில் இர்வான் கேட்டான்:

"இப்பதான் வருதா, அண்ணே?"

கார்த்திகேசுவிடம் கதை எதுவும் இல்லை.

"ஆமா தம்பி. வெட்டினது நான்தான்."

இர்வான் இன்னும் கொஞ்சம் அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"அப்ப அந்தச் சத்தத்த நிறுத்தாதீங்க."

கார்த்திகேசு புல்டோசரில் ஏறினார். கழுத்து வலிக்க முழுசாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகுதான் நகர்த்தினார்.