பின்பாலுக்குப் பல் பார்த்தவர்

டங், டங் என்று மணி அலறியது. வித்துராச் சந்தையில் சேனைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தபோது, கண்ணாடி மூடியும் வர்ணம் பூசிய பலகையும் கொண்ட ஒரு விளையாட்டு மெஷின் தன் நான்கு கால்களால் மலைச்சாலையில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது. 1951ஆம் ஆண்டு, ஆவணி மாதம். அதற்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பூவரசங்கம்பால் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். மற்றவர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். அடித்துக்கொண்டவர்தான் அதை வாங்கியவர். அன்று சேனை விலை ஏறியிருந்ததால், சந்தையில் அதற்குமேல் யாரும் கவனிக்கவில்லை.

வாங்கியவர் நயினார். தம்பானூரில் ரயிலடிக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்தார். எதிர்க்கடைக்காரன் ரேடியோ வாங்கிய நாள் முதல் இவர் கடை பெஞ்சுகளில் ஈதான் உட்கார்ந்தது. ஆட்களை இழுக்க நயினாரும் என்னென்னவோ வாங்கிப் பார்த்தார். எல்லாம் பழைய சாமான். பழைய கிராமபோன் எந்தத் தட்டைப் போட்டாலும் முந்திய சொந்தக்காரரின் இருமலையே பாடியது. பழைய ஐஸ் பெட்டி வெந்நீர் தந்தது. அவர் மனைவி உலகம்மை கடைசியாகத் தன் அட்டிகையைக் கழற்றி வைத்துச் சொன்னாள்: "இதுதான் கடைசி. இதுவும் சொத்தையா இருந்தா, கடையப் பூட்டிச் சாவிய எங்க அண்ணன் கையில குடுத்துருவேன். பூதப்பாண்டியில அவரு வீட்டு நெல்லுக்குக் காவல் இரும்." மைத்துனர் வீட்டில் நெல்லுக்குக் காவல் இருப்பதைவிட நயினாருக்கு ரயில் முன் நிற்பது சுலபம்.

எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்புகிறார், கிளப்பில் இருந்த பின்பால் மெஷினை விற்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஸ்பிரிங் வில்லை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, முட்டிய இடத்திலெல்லாம் விளக்கெரிந்து மணியடிக்கும் ஆட்டம். தன் கண்ணை நம்ப நயினாருக்குத் துணிவில்லை. நாஞ்சில் நாட்டுச் சந்தைகளில் ஒருமுறைகூடத் தவறாத தரகர் தாணுமாலயனிடம் போய், "துரை ஒரு பின்பால் விக்கான். வந்து பாத்துச் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். அங்கேதான் பிசகியது. தாணுமாலயன் மாட்டுத் தரகர். அவருக்குத் தெரிந்த பின்பால், கன்று குடித்தபின் கடைசியில் இறங்கும் கெட்டிப் பால். நல்ல கறவையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கம்பும் துண்டுமாக மலையேறினார்.

கிளப் வராந்தாவில் மெஷினைப் பார்த்ததும் அவர் திகைத்ததெல்லாம் ஒரு நொடிதான். "என்னவே, மடியக் காணோம்?" என்றார்.

"மாடு இல்லவே, மெஷினு!"

"நாலு காலுல நிக்குல்லா? வாய மூடிட்டு இரும்."

குண்டில் துரு இருக்கிறதா, ரப்பர் வளையங்கள் இற்றுவிட்டனவா, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்க நயினார் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தார். ஒன்றையும் பார்க்கத் தரகர் விடவில்லை. காசு போடும் துளைக்குள் விரலை விட்டு, பல் இன்னும் சேரவில்லை, இளசுதான் என்றார். குண்டு ஓடி ஓடி வர்ணம் தேய்ந்த இடத்தைத் தடவி, நல்ல சுழி என்றார். ரப்பர் விறைத்திருந்ததைக் குளம்பு நோய் என்று தள்ளி, விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். முன்னங்கால் ஒன்று கட்டையாக இருந்ததால் குண்டு இடப்பக்கமே சரிந்தது. அதற்கு, இது இடத்து மாடு, வலப்பக்கம் கட்டக்கூடாது என்றார். இதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. விற்க வந்திருந்த எஸ்டேட் கிளார்க் ராமசுப்ரமணியன், கரமனை அக்ரஹாரத்துக்காரர், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். "என்ன ஓய் இது! க்ளப் ப்ராப்பர்ட்டியாக்கும். வேணும்னா எடுத்துண்டு போங்கோ, வேண்டாம்னா விடுங்கோ. அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்!"

"நடத்திக் காட்டும்" என்றார் தரகர்.

கிளார்க் சிரித்தார். தரகர் மெஷினின் பின்பக்கம் கம்பால் லேசாகத் தட்டினார். மெஷின் ஒரு காலைத் தூக்கித் தூசியை உதறிவிட்டு, வராந்தாவை ஒரு சுற்று வந்து பழைய இடத்தில் நின்றது. கிளார்க்கின் முகம் சிவந்துவிட்டது. "நாலு வருஷமாத் துடைச்சுண்டிருக்கேன், எனக்கு ஒரு அடி எடுத்து வச்சுக் காட்டித்தோ?"

துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். கிளார்க்குக்குக் கூச்சம் தாங்கவில்லை, சீக்கிரம் படிந்தது. அதன்பிறகுதான் அந்த அநியாயம் நடந்தது. மாட்டை விற்றவனுக்கே அதன் கயிற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாட்டோடு அவன் வீட்டு லட்சுமியும் போய்விடக்கூடாது என்பது முறை. தாணுமாலயன் முறை தவறாதவர். மெஷினின் பின்னால் தொங்கிய கரண்டு வயரைப் பிடுங்கிச் சுருட்டி, இரு கையாலும் கிளார்க்கிடம் கொடுத்தார்.

"அது கரண்டு வயரு வேய்!" என்று நயினார் கத்தினார்.

"அடுத்தவன் கயித்துக்கு ஆசைப்படாதயும்" என்று தரகர் கடிந்துகொண்டார்.

தம்பானூர்க் கடையில் மெஷின் விளக்கெரியாமல் மணியடிக்காமல் நின்றது. சாலையில் வந்தபோது அடித்த மணியைக்கூட அடிக்கவில்லை. நயினார் வயரைக் கேட்டுக் கரமனைக்குப் போனார். கிளார்க் அதை வீட்டு உத்தரத்தில் கட்டியிருந்தார். கட்டிய வாரமே ப்ரமோஷன் வந்துவிட்டதாம், தர முடியாது என்றார். வேறு வயர் வாங்கி மாட்டினால் மெஷின் உதைத்தது. தாணுமாலயனிடம் போய் அழுதால், "தண்ணி காட்டினீரா?" என்று கேட்டார். உலகம்மை டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கடைவாசலில் கொண்டுவந்து வைத்தாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். பிறகு ஆத்திரம் தாங்காமல் திரும்பி வந்து, "சவமே, என் அட்டிகையத் தின்னியே!" என்று வில்லை முழு பலத்தோடு இழுத்து விட்டாள். குண்டு ஓடியது. எல்லா விளக்குகளும் எரிந்தன, மணி அடித்துத் தீர்த்தது. குண்டு கீழே குழிக்குள் விழுந்ததும் மெஷினின் அடியிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. கழுவிவிட்ட தரை பாழாகிறதே என்ற எரிச்சலில் அவள் ஒரு செம்பை எடுத்து வைத்தாள். நுரையோடு நிறைந்தது. கெட்டிப் பால்.

பெட்டி உள்ளே போயிற்று. மறுவாரமே எதிர்க்கடையில் ரேடியோவைக் கேட்க ஆளில்லை. நன்றாக ஆடுகிறவன் காப்பியில் ஆடை படிந்தது, மோசமாக ஆடுகிறவனுக்குத் தண்ணீர்ப்பால்தான். மெஷினைக் குலுக்கி ஏமாற்றியவன் காப்பி திரிந்தது. நகரசபை சுகாதார அதிகாரி பால்மானியை விட்டுப் பார்த்து, பசும்பால் என்று எழுதி, ஒரு காப்பியும் குடித்துப் போனார். நயினார் மட்டும் யார் வந்தாலும் வயர் கதையைச் சொல்லிப் புலம்பினார். தவிடும் பருத்திக்கொட்டையும் அவர்தான் சுமக்க வேண்டியிருந்தது. விடியுமுன் மணியடித்து அது அவரைத்தான் எழுப்பியது.

1956 நவம்பரில் எல்லை பிரிந்து, தம்பானூர் இந்தப் பக்கம் நிற்க, பூதப்பாண்டி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று. அந்த மாதமே உலகம்மையின் அண்ணன் அழகியநம்பி பஸ்ஸில் வந்து இறங்கினார். இனி இது வேறு ராஜ்யம், வயலைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருங்கள், வண்டிகூடப் பேசிவிட்டேன் என்றார். மணிக்கும் தவிட்டுக்கும் சலித்துப்போயிருந்த நயினார், "எனக்கும் போதும் அத்தான், கூட்டிட்டுப் போயிரும்" என்று மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டேவிட்டார்.

மெஷினுக்கடியில் புது வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்த உலகம்மை நிமிரவில்லை.

"சினையா நிக்கவள விட்டுட்டு நான் எங்கண்ணே வர?"