புகார்க்காரரின் ஆரஞ்சு விளக்கு

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே புகார்க்காரர்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் வந்து புலம்பினாலும், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டு, "பதிவாகிடுச்சு, போயிட்டு வாங்க" என்பார். மாலை ஐந்து மணிக்குள் மேஜையில் இருக்கும் அத்தனை புகாரையும் முடித்துவிடுவார். தண்ணீர் வந்ததா இல்லையா என்பது வேறு பிரிவின் தலைவலி.

அந்த மனிதர் இப்போது கால் வெளியே, தலை ஸ்டியரிங்குக்குக் கீழே என்று தன் சொந்தக் காருக்குள் மடங்கிக் கிடந்தார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு ரீடர். காரின் அடிவயிற்றில் எங்கோ இருக்கும் துவாரத்தில் அதைச் செருகி, போனோடு இணைத்தால், காருக்கு என்ன நோய் என்று போன் சொல்லிவிடுமாம். சொன்னது மெக்கானிக்.

காருக்கு நோய் வந்தால் வந்துவிட்டுப் போகிறது என்று விட முடியாத நிலைமை. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் போய்விடலாம், திரும்பி வரும்போது அவளால் நிற்கவே முடியாது. வாடகைக் கார்காரர்களோ, காலை ஆறு மணி, அதுவும் வாரத்தில் மூன்று நான்கு தடவை என்றதும் "பார்த்துச் சொல்றேன் சார்" என்று நழுவினார்கள். ஆக, அந்தப் பழைய கார்தான் அவளுக்கு மூச்சு.

அந்த மூச்சு பத்து நாளில் இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. இரண்டாவது தடவை, என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருந்தது. மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "என் மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். இது நிக்கிறதுக்கு நாலு காரணம் இருக்கும். நீங்க சின்ன ரீடர் ஒண்ணு வாங்கி, அதுல வர்ற நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்க. மீதிய நான் பார்த்துக்கிறேன்."

நம்பரை மட்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

போனில் புளூடூத்தைத் தட்டினால் எதிர்வீட்டு டிவி வந்தது, யாருடைய ஹெட்போனோ வந்தது, கடைசியில் ரீடரும் வந்தது. கடவு எண் கேட்டது. நான்கு சைபர் போட்டார், முறைத்தது. ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டார், இணைந்தது என்றது. ஆனால் ஆப்பைத் திறந்தால், 'கருவி கிடைக்கவில்லை.' ரீடரைப் பிடுங்கிச் செருகினார். போனை அணைத்துப் போட்டார். ஒரு பகல் முழுக்க இதே கூத்து.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "ஐயோ, போன் செட்டிங்ல ஏன் சார் சேர்த்தீங்க? அதை எடுத்துடுங்க. சாவிய ஆன்ல வச்சுட்டு, ஆப்புக்குள்ள போய்ச் சேருங்க."

சேர்ந்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு திரை நிறைய ஒரு நம்பர் வந்து உட்கார்ந்தது. முன்னால் ஆங்கில எழுத்து, பின்னால் நான்கு இலக்கம். அவருக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. நம்பருக்குக் கீழே பச்சையாக ஒரு பொத்தான்: 'கோளாறை நீக்கவா?'

முப்பத்து நான்கு வருடத்துப் பழக்கம் யோசிக்கவா விடும்? அழுத்தினார். ஆரஞ்சு விளக்கு பட்டென்று அணைந்தது.

"ஏய், இங்க வா! லைட் போயிடுச்சு! நானே சரி பண்ணிட்டேன்!"

மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நிஜமாவா? இனிமே நிக்காதா?"

"சும்மாவா பின்ன?"

மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார். "லைட்டை யாரு சார் கேட்டா? நம்பர் என்ன?"

நம்பர். மூன்று இருந்தது. ஐந்தும் இருந்த ஞாபகம். எந்த இடத்தில்? மனைவியின் ரத்தத்தில் எது எவ்வளவு, போன வாரம் எவ்வளவு, டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். இந்த நான்கு இலக்கம் வரவில்லை. போனைப் பார்த்தார். 'எந்தக் கோளாறும் இல்லை' என்று அது சாதித்தது.

"புகாரைத்தான் அழிச்சிருக்கீங்க, கோளாறு உள்ளயேதான் இருக்கு" என்றார் மெக்கானிக். "ஊகத்துல எதைக் கழட்டச் சொல்றீங்க? மறுபடி நின்னாதான் தெரியும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். வேறு என்ன செய்வது? போனை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள், "இப்ப நின்னா நல்லதா, நிக்காட்டி நல்லதா?" போகும்போது கார் பட்டுப் போல ஓடியது. நின்றுவிடுமோ என்ற பயத்தோடு, விளக்கு எரியாதா என்று ஒரு மனம் ஏங்கவும் செய்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றது.

பின்னால் லாரிகள் காது கிழிய ஹாரன் அடித்தன. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி வெளுத்துப் போய்த் தூங்கியவள் திடுக்கிட்டு விழித்தாள். அவர் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். 'தேடுகிறது' என்றது போன். லாரிக்காரர் ஒருவர் கதவைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். அது தேடிக்கொண்டே இருந்தது. எத்தனை பேரை நாம் இப்படிக் காக்க வைத்தோம் என்று முதல்முறையாக நினைத்தார். அப்போது வந்தது நம்பர்.

"எழுது, எழுது! பி, சைபர், மூணு, மூணு, அஞ்சு!"

எடை குறிக்கும் ஆஸ்பத்திரி அட்டையின் பின்புறத்தில் அவள் எழுதினாள். அவரும் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பச்சைப் பொத்தான் இப்போதும் கேட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளாத குறையாக இருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கிராங்க் சென்சார் சார், என்ஜின் சுத்தறதைச் சொல்ற சாமான். சூடானா செத்துடும், ஆறினா வேலை செய்யும். நல்லவேளை, கண்டுபிடிச்சாச்சு. அதைத்தான் மாத்தணும்."

"இன்னிக்கே மாத்திடு தம்பி!"

"பழைய மாடல் சார், வரவழைக்கணும். பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அம்மாவ வச்சு ஓட்டிடாதீங்க. எந்த இடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது. ஆர்டர் போட்டுடறேன், நீங்க போயிட்டு வாங்க."

போனை வைத்தார். மனைவி அட்டையைத் திருப்பினாள். ஒரு பக்கம் அவள் நம்பர்கள், மறுபக்கம் காரின் நம்பர்.

"பதிவாகிடுச்சு, போயிட்டு வாங்கன்னு எல்லாரையும் அனுப்புவீங்களே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நாளன்னைக்கு நாம எதுல போறது?"

அவர் சாவியைத் திருப்பினார். கார் கிளம்பவில்லை. இன்னும் கால்மணி நேரம் ஆக வேண்டும்.