உப்புக்கொத்திகள் கிளம்பும் மாதம்

அறுபத்து நான்காம் வருஷம் ஈஸ்டர் மார்ச் மாதத்திலேயே வந்து தொலைத்தது. நெற்றியில் திருநீறு பூசும் எனக்கும் ஈஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் சேற்றுக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த உப்புக்கொத்திகள்தான் சம்பந்தம்.

செப்டம்பரில் எங்கோ வடக்கிலிருந்து வந்து, ஏப்ரலில் திரும்பும் பறவைகள். போவதற்கு முன் கொழுக்கும், நெஞ்சு கறுக்கும். முழுக்கக் கறுத்துவிட்டால் ஒரு மாலை கூட்டமாகக் கிளம்பிவிடும். நான் 'பாபு'வாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த துறைமுக ஆபீசில் கழித்துப்போட்ட பைனாகுலரை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாகப் பார்த்துவந்தேன். அதில் ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். என் மனைவி அலமு அவற்றைத் தன் சக்களத்திகள் என்பாள்.

பக்கத்து வீட்டு மீன்காரர் சிலுவைராஜுக்கு அவை கறி. ஆனால் தவக்காலம் நாற்பது நாளும் மனிதர் கறி தொடமாட்டார். ஈஸ்டர் விருந்துக்குத்தான் வலை கட்டுவார். முந்தின வருஷங்களில் ஈஸ்டர் தள்ளி வந்ததால் பறவைகள் தப்பின. இந்த வருஷமோ மார்ச் இருபத்தொன்பது. நெஞ்சு பாதிகூடக் கறுக்கவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வேலைக்குப் படகேறும் முன் ஒரு தடவை, மாலையில் இறங்கியதும் ஒரு தடவை கரைக்கு ஓடினேன். ஆபீசில் கடிதங்களை உறை மாற்றிப் போட்டு ஏச்சு வாங்கினேன். சிலுவைராஜிடம் கெஞ்சலாம் என்றால் வெட்கம். பறவைக்காகப் பரிந்து பேசினால் தீவே சிரிக்கும்.

சனிக்கிழமை மாலை பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைச் சுழற்றிக்கொண்டு, கத்தியபடி சேற்றில் இறங்கி ஓடினேன். கூட்டம் மொத்தமும் எழும்பி, தாழப் பறந்து, கண்டல் மரங்களுக்கு அப்பால் மறைந்தது. வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். அலமு என் சேற்றுக் கால்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பூசை முடிந்து, சலவைச் சட்டையோடு சிலுவைராஜ் வந்தார். கையில் வாழையிலை போட்டு மூடிய சட்டி. அந்தக் கண்டல் மரங்களுக்குப் பின்னால்தான் வலை கட்டியிருந்தாராம். விரட்டிவிட ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருந்தபோது என் சத்தம் கேட்டதாம். உதவிக்குத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டார்.

"நம்ம தொழில்ல வெரட்டுறவனுக்குப் பாதிப் பங்கு, பாபு. நீங்க கறி திங்க மாட்டீயன்னு தெரியும். ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

எத்தனை தப்பின என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல. அப்படி ஒரு வெரட்டு."

நான் வீட்டிலேயே இருந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். வேண்டாம் என்றால் அந்த நல்ல மனிதருக்குப் பண்டிகை கெட்டுவிடும். ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லி, சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.