அறுபது நாள்

காலிங்பெல் மூன்றாவது முறையாக அடித்தது. மெக்கானிக் எழுந்து ஓசைப்படாமல் டிவியை அணைத்தான். அவன் மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்த மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பட்டப்பகலில், தங்கள் வீட்டுக்குள்ளேயே, மூன்று பேரும் திருடர்களைப் போல மூச்சை அடக்கி நின்றார்கள்.

"நான்தாம்மா, அக்கா வந்திருக்கேன். உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். உன் வீட்டுக்காரர் செருப்பு வாசல்லயே கிடக்கு."

மெக்கானிக் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

வந்திருந்தவள், மெக்கானிக் வேலை செய்யும் ஃபேக்டரியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டரின் மனைவி. ஆபரேட்டரை ஃபேக்டரியில் எல்லாரும் 'அலாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்டுக்கு அரைமணி முன்னதாகவே வந்து, மற்றவர்களைப் போன் போட்டு எழுப்புகிற மனிதர். மெக்கானிக் குடும்பம் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்கியவரும் அவர்தான். அவர் வீட்டில் பத்து நாள் தங்கித்தான் இவர்கள் வீடு பார்த்தார்கள்.

மூன்று நாளுக்கு முன்பு அவருடைய வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்துகிற சென்சார் ஒன்று அதில் உண்டு. சும்மா சும்மா மெஷின் நின்றுபோகிறது என்று அதன் ஒயரைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். கழற்றியவன் மெக்கானிக். எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. விசா முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. அதைப் புதுப்பிக்கும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே மேனேஜர்தான். கம்பெனி கைவிட்டால் அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு கம்பெனி ஏற்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இப்போது மேனேஜர் ஒரு வாக்குமூலம் தயாரித்து வைத்திருந்தார். ஒயரைக் கழற்றியது ஆபரேட்டரே என்று அதில் இருந்தது. மறுநாள் காலைக்குள் மெக்கானிக் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"எத்தனை நாளைக்குங்க ஒளிஞ்சிட்டு இருக்கறது?" என்று முணுமுணுத்துவிட்டு மனைவி போய்க் கதவைத் திறந்தாள்.

அக்கா உட்காரவில்லை. மூன்று நாளாகத் தலை சீவாத கோலம். மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நான் வந்து..." என்று இழுத்தான்.

"தம்பி, நீ கையெழுத்துப் போட்டுடு."

அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது.

"உங்க அண்ணன் நேத்தே போட்டுட்டாரு, இடது கையால. தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்தா ஸ்டோர்ல வேலை குடுத்து உட்கார வெச்சுக்கறோம்னு மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. நீ வேற மாதிரி ஏதாவது சொல்லிட்டா இவரு பொய் சொன்னதா ஆயிடும்ப்பா. பொண்ணு கடைசி வருஷம் படிக்கறா. உன் கால்ல வேணாலும் விழறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டாள். மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் கையெழுத்துப் போட்டான். அன்று மாலையே மேனேஜரின் கையெழுத்தோடு அவனுடைய விசா மனு போய்ச் சேர்ந்தது. இரவு சோற்றில் கை வைத்தவன், பிசையாமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் அக்கா மறுபடி வந்தாள். கையில் ஒரு கடிதம். "படிச்சுச் சொல்லும்மா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

பாதுகாப்பு விதியை மீறியதைத் தானே ஒப்புக்கொண்டதால் ஆபரேட்டரின் விசாவுக்கு ஸ்பான்சராக நிற்கும் பொறுப்பிலிருந்து கம்பெனி விலகுகிறது. அறுபது நாளுக்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆதாரமாக இரண்டு வாக்குமூலங்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. மற்றதில் மெக்கானிக்குடையது.

"உன்னைத் திட்ட வரல தம்பி. போடச் சொன்னதே நான்தான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. ஒயரைக் கழட்டினது யாரு? அவரைக் கேட்டா பேச்சை மாத்தறாரு."

மெக்கானிக் கடிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான்தான்க்கா. மேனேஜர் சொல்லி. அண்ணன் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தாரு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மனைவி கடிதத்தை மடித்தாள். "கிளம்புங்க. தொழிலாளர் ஆபீஸ் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கழட்டினவன் நான். என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க. நம்மளையும் அனுப்பிடுவாங்க."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா அந்த மெஷின்ல இப்ப வேற ஒருத்தன் நிக்கறான். ஒயரை இன்னும் மாட்டலன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?"

அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

அலுவலகத்தில் கவுண்ட்டர் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயருக்குக் கீழே முதல் கேள்வி: உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர் யார்? கம்பெனியின் பெயரை எழுதினான். அடுத்தது: யார் மீது புகார்? பேனா நின்றுவிட்டது. மனைவி பக்கத்தில் நின்றாள். அவன் எழுதினான்.

கவுண்ட்டர் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பி நீட்டினாள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்கிறதே, எந்த இடத்தில் தவறு என்று கேட்டாள்.

"தப்பு இல்லைங்க" என்றான் மெக்கானிக். "ரெண்டும் சரிதான்."