தவறி

எங்கள் வீட்டு வாசலில் வாய்க்காலை மூடியிருந்த சிலாப் உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அதில்தான் அப்பா விழுந்தார். வலது கால் முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் அவருடைய பஞ்சர் கடை அன்றிலிருந்து பூட்டிக் கிடந்தது. பதினாலாம் தேதி கட்டுப் பிரித்துவிட்டால் கோலூன்றிக் கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். போவதற்கு முதலில் அந்த வாய்க்காலைத் தாண்ட வேண்டும்.

எங்கள் ஊரில் கவுன்சிலர் தேர்தல் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. வாய்க்கால் அடைத்தாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் ஓட வேண்டும். எம்.எல்.ஏ. இளஞ்செழியன் இந்த ஐந்து வருடத்தில் எங்கள் தெருவுக்கு ஒன்பது தடவை வந்திருக்கிறார். ஒன்பதும் சாவு, கருமாதி. ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி எல்லாம் அவர் செலவு. மாலையோடு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் தெருவே அவருக்கு ஓட்டுப் போடுகிறது.

மனுவை நான்தான் எழுதினேன்.

'என் அப்பா தணிகாசலம் வாசல் வாய்க்காலில் தவறி விழுந்துவிட்டார். வரும் 14ஆம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் சிலாப் போட்டுத் தர வேண்டும்.'

அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "தவறி எதுக்குடி? வுழுந்துட்டாருன்னு எழுதினா போதாதா?"

பத்தாவதைப் பாதியில் விட்டவள் எழுதியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வார்த்தையை நான் எடுக்கவில்லை.

எம்.எல்.ஏ. வீட்டில் அவருடைய ஆள் பாவாடை என்பவர் மனுவை வாங்கினார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"பதினாலாந் தேதிதானேம்மா? அண்ணன் கண்டிப்பா வருவாரு. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பதினாலாம் தேதி கட்டுப் பிரித்து ஆட்டோவில் திரும்பினால், எங்கள் வீட்டுக்கு எதிரே சாமியானா. வரிசையாக நாற்காலிகள்.

"யாரு செத்தது?" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு லூர்துசெல்வி அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்கதாண்ணே! தணிகாசலம் தவறிட்டாரு, பதினாலு கருமாதின்னு டைரியில கீதாம். நாங்க சொன்னா அந்தப் பாவாடை நம்பவே மாட்டேங்கறாரு."

ஆட்டோக்காரர் அப்பாவைத் தூக்கி வாய்க்காலைத் தாண்டி வாசலில் உட்கார வைத்தார். அதற்குள் கார் வந்துவிட்டது. டெம்போவிலிருந்து இரண்டு பலகைகளை இறக்கி, அண்ணன் வருவதற்காக வாய்க்கால்மேல் போட்டார்கள். இளஞ்செழியன் கையில் ரோஜா மாலையும் முகத்தில் துக்கமுமாகப் பலகை ஏறி வந்தார். அப்பாவைப் பார்த்தார். திரும்பிப் பாவாடையைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த மாலையை அப்பா கழுத்தில் போட்டுவிட்டு, "நல்லா ஆயிட்டீங்களாண்ணே? பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார். பத்து செல்போன்கள் படம் எடுத்தன.

"சார், சிலாப்பு..." என்றேன்.

"மனு குடுத்துருந்தோம்" என்றாள் அம்மா.

"அதுக்குத்தாம்மா நானே வந்துட்டேனே!"

கால் மணி நேரம் உட்கார்ந்தார். டீ குடித்தார். போய்விட்டார்.

"உசுரோட இருக்கறவருக்கே வந்துட்டாரு பாரு. இவருக்குப் போடாம வேற யாருக்குப் போடறது?" என்றாள் லூர்துசெல்வி அக்கா. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அதானே" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அடுத்த மாசம் உனக்கு மொத ஓட்டு. நெனப்புல வச்சுக்க."

அப்பா மாலையைக் கழற்றாமலே கோலை ஊன்றி எழுந்தார். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வாய்க்கால் ஓரம் வரைக்கும் வந்தார். அங்கே நின்றார்.

"பலகை எங்கடி?"

சாமியானா, நாற்காலிகளோடு அதையும் ஏற்றிக்கொண்டு டெம்போ தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.