நாற்பது பரிசு அட்டைகள்

முழு விலை கொடுத்து எதையும் வாங்குவது எனக்கு ஆகாது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அங்கே என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'தள்ளுபடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான். எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

என் வழி எளிது. யாரோ ஒருவருக்குப் பிறந்தநாளுக்கு ஒரு கடையின் பரிசு அட்டை வந்திருக்கும். அந்தக் கடையில் அவருக்கு வாங்க ஒன்றும் இருக்காது. ஐந்நூறு மதிப்புள்ள அட்டையை இணையத்தில் நானூற்றுப் பத்துக்குத் தள்ளிவிடுவார். வாங்குகிறவன் நான். அட்டை என்றால் கையில் ஒன்றும் வராது, பதினாறு இலக்க எண் ஒன்று வரும். கடையின் தொலைபேசிக்கு அடித்து அந்த எண்ணை அழுத்தினால், பதிவு செய்த பெண் குரல் ஒன்று அதில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் விற்பவருக்குப் பணத்தை விடுவிப்பேன். இத்தனை வருடத்தில் ஒருவன்கூட என்னை ஏமாற்றியதில்லை.

போன வருடம் என் மனைவிக்குக் காது மந்தமானது. திடீரென்று இல்லை. முதலில் காலிங் பெல் கேட்கவில்லை, பிறகு செல்போன், பிறகு பக்கத்து அறையிலிருந்து நான் கூப்பிடுவது. டாக்டர் சோதித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல போயிடுச்சு. மெஷின் வெச்சா நல்லாவே கேக்கும். ஆனா தள்ளிப் போடாதீங்க. காது கேக்காதவங்க கொஞ்ச நாள்ல பேசறதையும் விட்டுடுவாங்க."

டாக்டர் சொன்ன கடையில் ஜோடி இருபதாயிரம். பணம் வங்கியில் இருந்தது, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் திரும்பி வரும் வழியிலேயே, பஸ்ஸில் நின்றுகொண்டே, அந்தக் கடையின் அட்டைகள் விற்பனைக்கு இருக்கின்றனவா என்று போனில் தேடினேன். ஐந்நூறு ரூபாய் அட்டை மூன்று இருந்தன. நூற்றுக்குப் பதினெட்டு தள்ளுபடி. மூன்றையும் வாங்கினேன். அவள் என் தோளைத் தொட்டு என்ன என்று கேட்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

நாற்பது அட்டை சேர்ந்தால் போதும், மூவாயிரத்து அறுநூறு மிச்சம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அது மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் விற்கிற கடை. அந்தக் கடை அட்டையை யார் யாருக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள்? வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் பெரிய விஷயம். சில வாரம் அதுவும் இல்லை. ஒருமுறை இரண்டு அட்டை வந்தது, தள்ளுபடி பன்னிரண்டுதான். வாங்காமல் விட்டேன்.

வீட்டில் முதல் இரண்டு மாதம் அவள் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் கத்திச் சொல்வேன். கத்திச் சொன்னால் சாதாரணப் பேச்சும் சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. உப்பு குறைவு என்பதைக் கத்திச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அப்புறம் "ஒண்ணுமில்ல, விடு" என்று கையை ஆட்ட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பெயர், வயது, சாப்பிட்டீர்களா இல்லையா என்று கேட்டு எழுத வேண்டும். ஐந்தாவது மாதம் அவளை உள்ளறைக்கு மாற்றினார்கள். குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை. சம்பளம் குறையவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மாற்றியதை அவள் என்னிடம் சொன்னபோது, அவளுக்கு அது எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த மாதம் மச்சான் வந்தான். அக்கா மேல் உயிர். அவளுக்கு எதிரிலேயே ஆரம்பித்தான்.

"மாமா, என்னதான் ஆச்சு? பணம் பத்தலன்னா நான் போடறேன். இன்னிக்கே போய் வாங்கிடலாம்."

"பணம் இல்லாமயா மச்சான்? இருபத்தி நாலு கார்டு சேந்தாச்சு, இன்னும் பதினாறுதான். இவ்ளோ நாள் பொறுத்துட்டு இப்ப அவசரப்பட்டா வர்றது போயிடும்ல?"

"எது போயிடும்?"

நான் தொகையைச் சொன்னேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. இலவசமாகக் கிடைப்பதை விட்டுக்கொடு என்று சொல்பவன் என்ன மனிதன் என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவும் முடியவில்லை, கத்த வேண்டுமே.

எட்டாவது மாதம் நாற்பது சேர்ந்தது.

கடையில் ஒரு பெண் அவளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு காதிலும் மெஷினைப் பொருத்தினாள். கணினியில் ஏதோ ஏற்றி இறக்கினாள்.

"இப்ப கேக்குதாம்மா?"

"கேக்குது" என்றாள் என் மனைவி. தன் குரலைக் கேட்டே திடுக்கிட்டாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் நான் பையிலிருந்து அட்டை எண்களை எழுதிவைத்த காகிதங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பில் போடும் இடத்தில் ஆள் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்றிருந்தது.

"எல்லாம் ஒரே கார்டா இல்லயா சார்?" என்றான் பில் போடுகிறவன்.

"நாப்பது. நான் படிக்கறேன், நீங்க அடிங்க."

படித்தேன். ஒவ்வொன்றும் பதினாறு இலக்கம். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள், ஒருவர் உச்சுக்கொட்டினார். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு, பூஜ்யம், மூன்று, மூன்று. எட்டு மாதத்துக்குப் பிறகு என் குரலில் அவள் தெளிவாகக் கேட்டது அதுதான். பத்துப் பன்னிரண்டு அட்டை வரை நின்றாள். அப்புறம் வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாவது எண் தவறு என்று காட்டியது. மறுபடி படித்தேன், சரியாகிவிட்டது.

வெளியே வந்ததும், "மூவாயிரத்தி அறுநூறு மிச்சம்" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள்.

அவளை மறுபடி முன் மேசையில் போட்டார்கள். சாயங்காலம் அந்தப் பக்கமாக வேலைக்குப் போன ஒரு நாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். யாரோ ஒரு கிழவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதற்குத் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். உள்ளே போகாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். காலையில் கிளம்பும்போதுதான் மறுபடி மாட்டுவாள். முதல் வாரம், பழக நாளாகும் என்று இருந்தேன். ஒரு மாதமும் ஆனது. எனக்கு வருத்தம் என்று சொன்னால் அது சரியான வார்த்தை இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி இருந்தது. ஒரு நாள் ஒரு தாளில் எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்: வீட்டில் ஏன் மாட்டுவதில்லை?

படித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்க கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். "பேட்டரியாவது மிச்சமாகும்."